ரகரத்தில் தொடங்கும் பாட்டு

ஜப்பானியக் கவிதையைப் பற்றி நம்மிடையே பேசுகிறவர்கள் இரண்டு வகை. மூன்று வரியில் எதையாவது எழுதி ஐக்கூ என்று பெயர் வைப்பவர்கள் ஒரு வகை. இவர்களால் பெரிய தீங்கு ஒன்றுமில்லை, காகிதச் செலவுதான். இன்னொரு வகையினர் ஆராய்ச்சிக்காரர்கள். ஜப்பானியமும் தமிழும் உடன்பிறந்தவை. ஆதாரம் வேண்டுமா, அங்கேயும் சொல்லின் தலையில் ரகரம் வராது. தொல்காப்பியர் சொன்னதை அவர்கள் பாட்டில் ஆயிரம் வருஷம் காப்பாற்றினார்கள். ஆகவே நாமும் கவிதையின் வாசலில் ரகரத்தைத் தடுத்து, இகரத்தைக் காவலுக்கு நிறுத்த வேண்டும் என்கிறார்கள். இந்த 'ஆகவே'யோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அவர்கள் சொல்வதில் உண்மையானதைக் கொடுத்துவிடலாம். 13-ஆம் நூற்றாண்டில் புஜிவாரா நோ தெய்க்கா தொகுத்ததாகக் கருதப்படும் 'ஹ்யாகுனின் இஷ்ஷு'வில் நூறு கவிஞர்களின் நூறு பாட்டுகள் இருக்கின்றன. ஜப்பானியர் இதைச் சீட்டாட்டமாகவே ஆடுகிறார்கள். ஒருவர் பாட்டின் தொடக்கத்தைப் படிக்க, மற்றவர்கள் அதன் பிற்பகுதி அச்சிட்ட சீட்டைத் தரையிலிருந்து தட்டி எடுக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரனுக்கு முதல் அசை போதும். மு, சு, மெ, ஃபு, ச, ஹொ, செ என்று தொடங்குபவை தலைக்கு ஒரே பாட்டு; வாய் திறந்ததுமே கை பாய்ந்துவிடும். 'அ'வில் தொடங்குபவை மட்டும் 16. அங்கே பொறுமை வேண்டும். இந்த நூறில் ர, ரி, ரு, ரெ, ரொ என்று தொடங்கும் பாட்டு ஒன்றுகூட இல்லை. பாட்டைக் காதால் அடையாளம் காணும் ஒரு சமூகத்தின் தொகுப்பு இது என்பதால் இந்த இன்மை தற்செயல் அல்ல. பழைய ஜப்பானியச் சொற்கள் ரகரத்தில் தொடங்குவதில்லை. 'வாக்கா' எழுதியவர்கள் சீனத்திலிருந்து வந்த சொல்லைப் பாட்டுக்குள் விடுவதுமில்லை.

நம் ஆராய்ச்சிக்காரர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்கிறேன். வாக்காவுக்குப் பின் வந்த தொடர்கவிதைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'ரெங்கா'. அந்தப் பெயரே ரகரத்தில் தொடங்கும் சீனச் சொல். உள்ளே நுழையக்கூடாதவன் பெயரையே வீட்டுக்கு வைத்த கதை! பிறகு 17-ஆம் நூற்றாண்டில் மத்சுநாகா தெய்தொகு 'ஹைகாய்' என்ற வகைக்கு இலக்கணம் வகுக்கிறார். வாக்கா ஒதுக்கிவைத்த சொல், அதாவது பேச்சுவழக்குச் சொல்லோ சீனச் சொல்லோ, இருந்தால்தான் அது ஹைகாய். அந்தச் சொல்லுக்கு 'ஹைகோன்' என்று தனிப்பெயரே உண்டு. பாஷோ வந்தது இந்த வாசல் வழியாக. பிற்காலத்தில் ஹைக்கூ என்று பெயர்பெற்றது இதன் முதற்கண்ணிதான். தீட்டுப்பட்ட சொல்லைத் துணிந்து உள்ளே விட்டதால் பிறந்த ஒரு வடிவத்தைத் தூய்மைக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கு ஜப்பானியமும் தெரியவில்லை, கவிதையும் தெரியவில்லை.

உறவு விஷயத்துக்கு வருவோம். ஓனோ சுசுமு பெரிய அறிஞர், சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு வருஷக்கணக்கில் உழைத்தார்கள். சொல்லொப்புமைக்கு அப்பால், சங்கப் பாட்டில்கூட 5-7 அசை அடைவைக் காண முயன்றார் ஓனோ. ஜப்பானிய மொழியியலாளர் பலர் அவர் முடிவை ஏற்கவில்லை. ரகர ஆதாரம் அதைவிடப் பலவீனமானது. துருக்கியத்திலும் மங்கோலியத்திலும் கொரியத்திலும் சொந்தச் சொற்கள் ரகரத்தில் தொடங்குவதில்லை. அத்தனை பேரும் நம் பங்காளிகள் என்றால் பாகப்பிரிவினைக்கு வக்கீல் கிடைப்பது கஷ்டம். கொரியாவில் இது இன்னும் வேடிக்கை. ஒரே குடும்பப்பெயரைத் தெற்கே 'இ' என்று எழுதுகிறார்கள், வடக்கே 'ரி' என்று எழுதுகிறார்கள். எல்லைக் கம்பி ஓர் எழுத்தின் நடுவிலும் ஓடுகிறது.

நம் இலக்கணக்காரர்களாவது அசையாமல் நின்றார்களா? சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்றோடு மொழிமுதலில் வராது என்கிறது தொல்காப்பியம். அதன்படி 'சமையல்' இல்லை, 'சட்டி' இல்லை, 'சண்டை'யும் இல்லை. நன்னூலார் சகரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார். ரகரத்தில் தொடங்கும் வடசொல்லுக்கு முன்னால் அ, இ, உ என்னும் மூன்று குறில்களில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் வழி சொன்னார். அரங்கம், இராமன், உரோமம் எல்லாம் அப்படி வந்தவை. அவர் காலத்து நாக்குக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். இன்றைக்குத் தவளக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் எவருக்கும் அந்த ஊன்றுகோல் வேண்டியதில்லை. ரோட்டில் நின்று, ரூபாய் கொடுத்து, ரேஷன் வாங்கிப் போகிறவர்கள் அவர்கள். பாண்டிச்சேரியில் 1827-இல் தொடங்கிய நூலகத்துக்கு ரோமன் ரோலண்ட் பெயர். விதியை மதிப்பதென்றால் இவர்கள் உரோமன் உரோலண்டு என்று பலகை எழுத வேண்டும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன தெருப் பலகைகள் 'ரூ' என்றே தொடங்குகின்றனவே, அவற்றை என்ன செய்வதாக உத்தேசம்?

இது எழுத்துக்கூட்டல் சண்டை மட்டும் அல்ல. வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இகரத்தின் விலை தெரியும். ஒரு தாளில் ராமலிங்கம், இன்னொன்றில் இராமலிங்கம், பாட்டன் காலத்துப் பிரெஞ்சுப் பத்திரத்திலோ வாலில் ஓர் 'எ' ஒட்டிய ராமலிங்கமே. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவர் நோட்டரியிடம் அலைகிறார். கவிதைக்கு நேர்வது இன்னும் மோசம். நண்பர் ஒருவர் 'ரேஷன்' என்ற தலைப்பில் எழுதிய கவிதையை ஒரு பத்திரிகை 'இரேசன்' என்று திருத்தி அச்சிட்டது. அரிசிக்கு நின்ற கிழவியின் வாயிலிருந்து வந்த சொல் அது. 'இரேசன்' எந்தக் கிழவியின் வாயிலும் இல்லை. கவிதை முதல் அசையிலேயே செத்தது. மீதி இருபது வரியும் பிரேத ஊர்வலம். திருத்தியவர் தமிழைக் காப்பாற்றிய திருப்தியோடு இருக்கிறார்.

பாரதி 1916-இல் பாண்டிச்சேரியில் இருந்தபடி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினான். நோகுச்சி சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சுருங்கச் சொல்வதன் பெருமையை நமக்கு எடுத்துச் சொன்னான். உறவுமுறை விசாரிக்கவில்லை. 'ஜ'வைச் 'ச'வாக்கி வாசலில் குளிப்பாட்டவும் இல்லை. 'ரஸம்' என்று எழுத அவனுக்குக் கை நடுங்கியதில்லை. 1984-இல் அமுதபாரதியின் 'புள்ளிப்பூக்கள்' வந்ததிலிருந்து இன்றுவரை இங்கே எத்தனையோ தொகுப்புகள். நிலாவும் பனித்துளியும் வண்ணத்துப்பூச்சியும் அலுக்காமல் வருகின்றன. ஹைகோன் எங்கே? தெருவிலிருந்து காலில் ஒட்டிக்கொண்டு வந்த சொல் எங்கே?

ஜப்பானில் பாட்டுகளை அகரவரிசையில் அடுக்கினால் இன்று 'ர' வரிசை காலியாக இல்லை. போர் முடிந்த 1945-இலேயே ஒரு சினிமாவுக்காக நமிகி மிச்சிகோ பாடிய பாட்டு நாடு முழுவதும் பரவியது. அவ்வருஷம் மார்ச்சில் டோக்கியோ மீது விழுந்த குண்டுகளுக்குத் தாயைப் பறிகொடுத்தவர் அவர். பாட்டின் பெயர் 'ரிங்கோ நோ உத்தா', ஆப்பிள் பாட்டு. ரிங்கோ சீனத்திலிருந்து வந்த சொல். சாம்பலில் நின்று அதைப் பாடியவர்களில் யாரும் அந்தப் பழத்துக்கு முன்னால் ஓர் இகரம் போட வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. 2018-இல் யொனெசு கென்ஷியின் புகழ்பெற்ற பாட்டுக்குப் பெயர் 'லெமன்'. லகரம் அவர்கள் வாயில் ரகரமாகத்தான் வரும், ஆகவே அதுவும் 'ரெ' வரிசையில்தான். தெய்க்காவின் நூறு பாட்டுகளில் மாறாமல் காலியாக இருக்கும் அதே வரிசை.

என் நண்பரின் கவிதையை அடுத்த இதழில் எழுதியபடியே போட ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பொருளடக்கத்தை அகரவரிசையில் அடுக்குவதாக இருந்தால், அதை இகரத்தில் தேடவைக்க வேண்டாம்.