இல்லாத பக்கமும் நம் கடையின் முகமே

நெசவாளரும் விவசாயியும் தமக்கெனச் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்துக்கொள்வது இன்று அரிய காரியமன்று. நெசவாளர் தம் சேலைகளின் படத்தையும் விலையையும் அதில் வெளியிடலாம். விவசாயி தம் மஞ்சள், வெல்லம், பாரம்பரிய நெல் ஆகியவற்றின் வரவை அறிவிக்கலாம். தளத்தை அமைக்கும்போது, முகப்பு எவ்வாறிருக்க வேண்டும், எந்தப் படம் முதலில் வர வேண்டும் என்பன பற்றியெல்லாம் பல நாள் யோசிக்கிறோம். ஆனால் ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் அநேகமாக எவரும் யோசிப்பதில்லை. தேடி வந்த பக்கம் இல்லாதபோது வந்தவர் காணும் பக்கமே அது. அதனையும் நம் கையாலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதும், அதில் உண்மையன்றி வேறொன்றும் இருத்தலாகாது என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

விஷயத்தைச் சற்று விளக்குவோம். ஒருவர் கைப்பேசியிலோ கணினியிலோ ஒரு முகவரியை இட்டதும், அந்த விண்ணப்பம் நம் தளத்தை வைத்திருக்கும் சர்வருக்குச் செல்கிறது. சர்வர் மறுமொழி அனுப்பும்போது மூன்று இலக்கம் கொண்ட ஓர் எண்ணையும் உடன் அனுப்புகிறது. வந்தவர் கண்ணுக்கு அது தெரியாவிடினும், உலாவியும் தேடுபொறியும் அதனைப் படித்தறிகின்றன. 200 என்றால் கேட்டது கிடைத்தது என்று பொருள். 3-இல் தொடங்கும் எண்களிற் பெரும்பாலானவை வேறிடம் செல்லுமாறு சொல்பவை. 4-இல் தொடங்குபவை கேட்டவர் பக்கத்துப் பிழையையும், 5-இல் தொடங்குபவை சர்வரின் பிழையையும் குறிப்பவை. இல்லாத பக்கத்துக்குரிய எண் 404. எச்.டி.டி.பி. எனப்படும் இவ்விதிமுறையின் 1.0 பதிப்பு 1996-இல் ஆவணமாக வெளிவந்தது. 2022-இல் வெளிவந்த ஆவணத்திலும் 404-க்கு அதே பொருள்தான்.

நாம் தனியாக ஏற்பாடு எதுவும் செய்யாவிடில், சர்வர் தன்னிடமுள்ள ஆங்கில வாசகம் இரண்டொன்றை வெள்ளைத்தாள் போன்ற ஒரு பக்கத்தில் காட்டி நின்றுவிடும். அதில் நம் பெயர் இராது, ஊர் இராது, திரும்பிச் செல்ல வழியும் இராது.

விதிமுறை 404-ஐக் கேட்டவர் பிழை என்னும் வகுப்பில் வைத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் அப்பிழை பெரும்பாலும் நம்முடையதே. வாடிக்கையாளர் தாமாக முகவரியைக் கற்பனை செய்துகொண்டு வருவதில்லை. நாம் அச்சிட்டுக் கொடுத்த சீட்டைப் பார்த்தோ, முன்னொரு நாள் அனுப்பிய செய்தியைப் பார்த்தோதான் வருகிறார். இடையில் பக்கத்தை நீக்கியவரும் பெயரை மாற்றியவரும் நாமே.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஒரு நெசவாளர் தாம் விற்கும் ஒவ்வொரு சேலையின் உறையிலும், அதன் விவரப் பக்கத்துக்குச் செல்லும் கியூ.ஆர். சதுரத்தை அச்சிடுகிறார். மூன்றாண்டு கழித்து, அச்சேலையை வாங்கிய குடும்பத்தில் மற்றொரு கல்யாணம் வருகிறது. அதே கரை, அதே நிறம் வேண்டுமென்று பழைய உறையை எடுத்துச் சதுரத்தைக் கைப்பேசியிற் காட்டுகின்றனர். அந்த மாதிரி தறியிலிருந்து இறங்கிவிட்டதால் நெசவாளர் பக்கத்தை நீக்கியிருக்கிறார். வந்தவர் காண்பதோ இரண்டு வரி ஆங்கிலம். அவர் என்ன முடிவுக்கு வருவார்? 'இவர் தொழிலை விட்டுவிட்டார் போலும்' என்றுதான் நினைப்பார். தறியோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கம் மட்டுமே இல்லை. கையில் வந்த ஓர் உத்தரவு இவ்வாறு சப்தமின்றி நழுவிப் போகிறது. நழுவியது நமக்குத் தெரிவதுமில்லை.

பக்கங்கள் மறைவது அபூர்வமான நிகழ்ச்சியுமன்று. அமெரிக்காவிலுள்ள பியூ ஆராய்ச்சி நிலையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை. வைய விரிவு வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஒருமுறை கொடுத்த முகவரியை மாற்றலாகாது என்று 1998-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் வற்புறுத்தினார். அதுவே உத்தமமான நிலை. எனினும் பருவத்துக்குப் பருவம் சரக்கு மாறும் நம் தொழிலில் அதனை முற்றும் கடைப்பிடிப்பது எளிதன்று. ஆகையால் இல்லை என்று சொல்லும் முறையையாவது நாம் செவ்வையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது, 'நம்முடையது பத்துப் பக்கத் தளம். இதற்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு?' என்பது. பெரிய நிறுவனத்தின் தளத்தில் ஒரு பக்கம் இல்லையென்றால், வந்தவர் அந்நிறுவனமே மூழ்கிவிட்டது என்று எண்ணமாட்டார். சிறியவர் தளத்தைப் பற்றியோ உடனே அவ்வாறு எண்ணிவிடுவார். எனவே இவ்வேற்பாடு பெரியவரைக் காட்டிலும் சிறியவருக்கே அதிக அவசியம்.

இரண்டாவது ஆட்சேபம் யோசிக்கத்தக்கது. 'இல்லாத பக்கத்தைக் கேட்டவர் யாவரையும் முகப்புக்கே அனுப்பிவிட்டால் என்ன? குறையும் தெரியாது, சரக்கையும் பார்ப்பார்களே' என்பர். இது சாமர்த்தியமாகத் தோன்றினும் நேர்மையன்று. கேட்ட பொருள் இல்லையென்று சொல்லாமல், வேறு பொருளை எடுத்துக் காட்டும் கடைக்காரரை நாம் விரும்புவோமா? வந்தவர் தாம் கேட்டது எங்கே போயிற்று என்று அறியாமல் முகப்பில் சுற்றித் தேடி அலுத்துப் போவார். அன்றியும் தேடுபொறிகள் இதனைக் குறையாகவே கருதுகின்றன. பக்கம் இல்லாதிருந்தும் 200 என்னும் எண்ணை அனுப்புவதை 'சாஃப்ட் 404' என்று கூகுள் வகைப்படுத்துகிறது. யாவரையும் முகப்புக்குத் திருப்பிவிடுவதும் அவ்வகையிற் சேரக்கூடும். வாசகத்தில் இல்லை என்று எழுதிவிட்டு, எண்ணில் உண்டு என்று சொல்வது கணக்குப் புத்தகத்தில் ஒன்றும் ரசீதில் ஒன்றும் எழுதுவது போன்றதே.

இனி அப்பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? முதலில் 'நீங்கள் தேடிய பக்கம் இங்கு இல்லை' என்று தெளிவான தமிழில் ஒரு வாக்கியம். அயலூர் வாடிக்கையாளர் உண்டாயின் அதன்கீழ் ஆங்கிலத்தில் ஒரு வரி. அடுத்து, 'பழைய மாதிரி நெய்து முடிந்திருக்கலாம், அல்லது பக்கம் இடம் மாறியிருக்கலாம்' என்று காரணம். பிறகு முகப்புக்கும் இப்போதைய சரக்குப் பட்டியலுக்கும் இணைப்பு. இறுதியில் நம் பெயர், ஊர், சங்கத்தின் பெயர், தொலைபேசி எண். 'பழைய சேலையின் படத்தை அனுப்பினால், அதே மாதிரி நெய்ய இயலுமா என்று தெரிவிப்போம்' என்று ஒரு வரி சேர்த்தால், கைவிட்டுப் போகவிருந்த உத்தரவு திரும்பி வரவும் கூடும். வேடிக்கைப் படங்களும் சிலேடைகளும் இங்கு வேண்டா. தேடியது கிடைக்காமல் நிற்பவரிடம் விகடம் பேசுவது மரியாதையன்று. பக்கம் இலேசாகவும் இருக்கட்டும். அலைவரிசை மெலிந்த கிராமத்திலும் அது உடனே திறக்க வேண்டும்.

செய்முறையும் கடினமன்று. அப்பாச்சி என்னும் மென்பொருளில் ஓடும் சர்வராயின், தளத்தின் தலைக் கோப்புறையிலுள்ள 'புள்ளி எச்.டி. ஆக்ஸஸ்' என்னும் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினாற் பெரும்பாலும் போதும். 'எரர்டாக்குமெண்ட்' என்னும் சொல், ஓர் இடைவெளி, 404 என்னும் எண், மீண்டும் ஓர் இடைவெளி, பிறகு சாய்கோட்டில் தொடங்கும் நம் பக்கத்தின் பெயர், இவ்வளவே அவ்வரி. கட்டளைச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். கிட்ஹப் பேஜஸில் தளம் வைத்திருப்போர் 404 என்னும் பெயரில் ஓர் எச்.டி.எம்.எல். பக்கத்தைத் தலைக் கோப்புறையில் வைத்தாற் போதும். வேர்ட்பிரஸ் உபயோகிப்போர் தம் தீமில் 404-க்கென உள்ள கோப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

மூன்று விஷயங்களில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். அப்பாச்சியின் அவ்வரியில் 'எச்.டி.டி.பி.' என்று தொடங்கும் முழு முகவரியைக் கொடுத்தால், சர்வர் வந்தவரை அம்முகவரிக்குத் திருப்பிவிடும். 404 என்னும் எண் அவரைச் சேராது. ஆகையால் சாய்கோட்டில் தொடங்கும் சுருங்கிய பெயரையே கொடுக்க வேண்டும். இரண்டாவது, இப்பக்கம் தளத்தின் எந்த ஆழத்திலும் தோன்றக்கூடுமாதலால், அதிலுள்ள படங்கள், இணைப்புகள் ஆகியவற்றின் முகவரிகளும் சாய்கோட்டிலேயே தொடங்க வேண்டும். இல்லாவிடில் முகப்பில் ஒழுங்காகத் தெரிவது உட்பக்கங்களில் சிதைந்து போகும். மூன்றாவது, சர்வரின் கோளாற்றைக் குறிக்கும் 500-க்கும் ஒரு பக்கம் வைப்பது நன்று. ஆனால் அது தரவுத்தளம் எதனையும் நாடாத தனிப்பக்கமாக இருத்தல் வேண்டும். தரவுத்தளம் நின்றதனால் நேர்ந்த கோளாற்றை, அத்தரவுத்தளத்தையே நாடும் பக்கம் எவ்வாறு அறிவிக்க இயலும்?

எல்லா இன்மைக்கும் 404 ஒன்றே மருந்துமன்று. பக்கம் இடம் மாறியிருந்தால், 301 என்னும் எண்ணோடு அதே பொருளின் புதிய பக்கத்துக்கு அனுப்பலாம். மேலே நாம் கண்டித்தது இதனையன்று. கேட்ட பொருள் இருக்குமிடத்தைக் காட்டுவது நேர்மையே. இனி ஒருபோதும் திரும்பாது என்று உறுதியாகத் தெரிந்த பக்கத்துக்கு 410 என்னும் எண் உண்டு. தளத்தைச் சில மணி நேரம் நிறுத்திச் சீர்செய்வதாயின் 503 என்று சொல்லி, எப்போது திரும்ப வரலாம் என்றும் உடன் அறிவிக்கலாம்.

எல்லாம் முடிந்ததும், இல்லாத ஒரு முகவரியை நாமே இட்டுப் பார்க்க வேண்டும். அன்றியும் பெரும்பாலான சர்வர்கள், எந்தெந்த முகவரி கேட்கப்பட்டு 404 பெற்றது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கின்றன. மாதம் ஒருமுறை வரவு செலவு பார்ப்பது போல அதனையும் பார்த்தால், எந்த மாதிரியைத் தேடி ஜனங்கள் வருகிறார்கள் என்பது விளங்கும். நீக்கிய மாதிரி ஒன்று திரும்பத் திரும்பக் கேட்கப்படுமாயின், அதனை மீண்டும் தறியில் ஏற்றலாமா என்று யோசிப்பதற்கு அது தக்க காரணமாகும்.

இவ்வேலையில் சங்கங்களுக்கும் பங்குண்டு. ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே பிரயாசைப்படுவதைக் காட்டிலும், சங்கம் நல்ல தமிழில் ஒரு மாதிரிப் பக்கத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்து, வேண்டுவோருக்கு வழங்கலாம். கணினி தெரிந்த இளைஞர் ஒருவரை மாதாந்தரக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் செய்து காட்டச் சொல்லலாம். இதற்குத் தனி நிதி ஒன்றும் தேவையில்லை.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில், நெசவாளர் பலரை உள்ளிட்ட 28 பேர் தம் கூட்டுறவுக் கடையைத் திறந்தபோது, அங்கே இருந்த சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சிலவே. கலப்படமில்லாத பொருளும் சரியான எடையும் அக்கடைக்குப் பெயர் தந்தன. அந்த வழியில் வந்த நாம், இருப்பதைச் சரியாக அளந்து கொடுப்பது போலவே, இல்லாததை இல்லை என்று மரியாதையோடு சொல்லவும் கடமைப்பட்டவர்கள். தளம் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்மாதம் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குவாராக.