வைத்தியர் எழுதும் கட்டுரையும் தமிழாசிரியர் கடமையும்

வைத்திய சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதுதல் வைத்தியரின் தொழில். அதிலே பண்டிதனுக்கு என்ன வேலை என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. குருதியின் கூறுகளையும் ஈரலின் வீக்கத்தையும் யான் ஆராய்ந்தவன் அல்லேன். ஆயினும், ஒருவர் கண்டதைக் கண்டவாறே சொன்னாரா, பிறர் சொன்னதைச் சொன்னவாறே எடுத்தாண்டாரா, வேண்டியதை விட்டும் வேண்டாததைச் சேர்த்தும் எழுதினாரா என்பன மொழியைப் பற்றிய கேள்விகள். இவற்றில் வழுவினால் கவிதையிலே சுவை கெடும். வைத்தியக் கட்டுரையிலே உயிர் கெடும். ஆகவே, அக்கட்டுரைக்கு வேண்டிய முதற் பயிற்சி தமிழ் வகுப்பிலேயே தொடங்குகின்றது என்பது என் துணிபு.

வெறும் வாய்ப்பேச்சாக இதனைச் சொல்லவில்லை. ஒரு மேற்கோளின் வரலாற்றைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே 1812 இல் தோன்றி இன்றும் வெளிவரும் வைத்திய சஞ்சிகை 'நியூ இங்கிலாந்து ஜேர்ணல் ஒவ் மெடிசின்' என்பது. 1980 ஜனவரியில் அச்சஞ்சிகையின் கடிதப் பகுதியிலே ஐந்தே வாக்கியங்கள் கொண்ட சிறு கடிதம் ஒன்று வந்தது. வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 39,946 நோயாளரின் பதிவுகளை அதனை எழுதியோர் நோக்கினர். அவருள் 11,882 பேருக்கு அபின் இனத்து நோவு மருந்து ஒரு முறையேனும் கொடுக்கப்பட்டிருந்தது. முன்னர் அப்பழக்கம் இல்லாதவருள், அம்மருந்துக்கு அடிமைப்பட்டதாகத் தக்கவாறு பதிவானோர் நால்வரே என்று அவர்கள் எழுதினர். சொன்ன அளவில் அதிலே குற்றம் இல்லை. வைத்தியசாலைக் கட்டிலிலே, வைத்தியர் கண்காணிப்பிலே மருந்து பெற்றவரைப் பற்றியது அச்செய்தி.

பின் வந்தோர் செய்ததுதான் பெரும் பிழை. அவர்கள் அக்கடிதத்தை மேற்கோளாக எடுத்தனர். எடுக்கும்போது 'வைத்தியசாலையில் தங்கிய' என்னும் அடைமொழியைக் கழற்றிவிட்டனர். அடைமொழி போனதும், மாதக்கணக்காக வீட்டிலிருந்து அம்மருந்தை விழுங்குவோர்க்கும் அதே விதி பொருந்தும் என்பது போன்ற தோற்றம் உண்டாயிற்று. 2017 இல் கனடா நாட்டு ஆய்வாளர் சிலர் இதனை எண்ணிப் பார்த்தனர். அக்கடிதத்தை எடுத்தாண்ட எழுத்துக்கள் 608. அவற்றுள் 439, அடிமைப்படுதல் அரிது என்பதற்குச் சான்றாக அதனைக் காட்டின. 491, அந்நோயாளர் வைத்தியசாலையில் இருந்தவர் என்பதைக் குறிப்பிடவேயில்லை. இடையிலே அம்மருந்துகள் அமெரிக்காவிலே தாராளமாக வழங்கப்பட்டன. 1999 க்குப் பின்னர் அபின் இனப் பொருள்களின் மிகையால் அந்நாட்டிலே மாண்டோர் பல இலட்சம். அத்தனைக்கும் ஒரு கடிதம் காரணம் என்று சொல்லுதல் நேர்மையன்று; வணிகரின் பேராசை முதலாகக் காரணங்கள் பல. ஆயினும், அப்பேராசைக்கு அறிவின் போர்வையை அளித்தவற்றுள் பிழைபட்ட அம்மேற்கோளும் ஒன்று. 2017 இல் அச்சஞ்சிகையே அக்கடிதத்தின் தலைப்பிலே எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றைச் சேர்க்க நேர்ந்தது.

ஓர் அடைமொழி! 'அடைமொழி பொருளை விசேடிக்கும்' என்று நாம் வகுப்பிலே சொல்லும்போது மாணவர் கொட்டாவி விடுகின்றனர். விசேடித்தலாவது யாது என்பதை இந்த வரலாறு அவர்களுக்கு உணர்த்தட்டும்.

இனி, கட்டுரையை ஆயத்தஞ் செய்யும் முறையைப் பார்ப்போம். 1978 இல் வைத்திய சஞ்சிகைகளின் பத்திராதிபர் சிலர் கனடாவிலுள்ள வன்கூவர் நகரிலே கூடி, சஞ்சிகைகளுக்கு அனுப்பும் கையெழுத்துப் பிரதிகள் எவ்வாறு அமையவேண்டும் என்று பொது விதிகளை வகுக்கத் தொடங்கினர். அவ்விதிகள் திருத்தமுற்றுத் திருத்தமுற்று இன்றும் வழங்குகின்றன. ஆய்வுக் கட்டுரை நான்கு உறுப்புக்கள் உடையது. எதற்காக ஆராய்ந்தேன் என்பது முன்னுரை. எவ்வாறு ஆராய்ந்தேன் என்பது முறை. எதனைக் கண்டேன் என்பது பெறுபேறு. கண்டதன் பொருள் யாது என்பது ஆராய்வுரை. இவற்றின் முன்னே சுருக்கம் ஒன்று நிற்கும். கண்டதைச் சொல்லும் இடத்திலே கருதியதைக் கலக்கலாகாது. முறையிலே சொல்லாத ஒன்று பெறுபேற்றிலே திடீரெனத் தோன்றலாகாது.

இலக்கணம் பயின்றார்க்கு இது புதியதன்று. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டும், அவற்றோடு காலம், களம், காரணம் என மூன்றும் பாயிரத்திலே பெறப்படவேண்டும் என்று நம் முன்னோர் வகுத்தனர். மேனாட்டார் அதனை நம்மிடம் கற்றார் என்று யான் பெருமை பேச வரவில்லை. அத்தகைய வீண்பெருமையும் சான்றற்ற மேற்கோளின் இனத்தைச் சேர்ந்ததே. நூல் செய்வோன் கேட்போனுக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற எண்ணம் இரு மரபுக்கும் பொது என்பதே யான் சொல்ல வந்தது.

எட்டனுள் முதலிலே நிற்பது ஆக்கியோன் பெயர். இக்காலத்து வைத்தியக் கட்டுரையில் மிகுந்த சிக்கல் விளைவதும் அங்கேதான். ஆய்விலே கணிசமான பங்கு கொண்டிருத்தல், எழுதுதலிலோ திருத்துதலிலோ பங்கு கொண்டிருத்தல், இறுதி வடிவத்தை ஒப்புக்கொள்ளுதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல் என்னும் நான்கும் உடையவரே ஆசிரியர் என்பது பத்திராதிபர்களின் விதி. பகுதித் தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்ப்பதும், உழைத்த இளைஞர் பெயரை மறைப்பதும் இவ்விதிக்குப் புறம்பு. எழுதும் இயந்திரங்கள் பெருகிவிட்டமையால், அவை ஆசிரியர் ஆகா என்றும், அவற்றின் உதவி பெற்றோர் அதனை வெளிப்படச் சொல்லவேண்டும் என்றும் 2023 இல் விதி செய்தனர். பொறுப்பேற்க இயலாத ஒன்று ஆக்கியோன் ஆதல் எங்ஙனம்?

பொறுப்பு என்னும் சொல் வெறுஞ்சொல் அன்று. 1998 இல் 'லான்செற்' என்னும் இலண்டன் சஞ்சிகையிலே பன்னிரண்டு பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. சின்னமுத்து முதலியவற்றுக்கான முக்கூட்டுத் தடுப்பூசிக்கும் பிள்ளைகளின் மனவளர்ச்சிக் குறைபாடு ஒன்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பியது. அதிலே கையொப்பமிட்டோர் பதின்மூவர். 2004 இல் அவருள் பதின்மர் அவ்விளக்கத்தினின்றும் விலகினர். 2010 இல் சஞ்சிகை கட்டுரையையே மீட்டுக்கொண்டது. ஆனால் அதனை நம்பித் தம் பிள்ளைகளுக்கு ஊசி போடாது விட்ட பெற்றோர் எத்தனை பேர்! கட்டுரையை மீட்கலாம், பெற்றோர் நெஞ்சிலே விழுந்த அச்சத்தை மீட்டல் எளிதன்று.

பதினொன்றனுள் களம் என்பது நூல் அரங்கேறிய அவை. சஞ்சிகைக்கும் அவை உண்டு. பத்திராதிபர் பிரதியைப் பார்த்து, தக்கதெனத் தோன்றினால் அத்துறை அறிந்த இருவர் மூவருக்கு அனுப்புவார். அவர்கள் பெரும்பாலும் தம் பெயர் தோன்றாமல் கேள்விகளை எழுதுவர். பாடசாலையிலே என்னிடம் தமிழ் பயின்று இன்று வைத்தியராயிருக்கும் ஒருவர், தம் கட்டுரைக்கு வந்த கேள்விகளை எனக்குக் காட்டினார். 'பல நோயாளர்' என்றீரே, எத்தனை பேர்? 'குணமடைந்தனர்' என்றீரே, எதனைக் கொண்டு அறிந்தீர்? இடையிலே வராது நின்றோர் எங்கே போயினர்? 'இதனால்' என்றீரே, 'இதன் பின்' என்பதன்றி 'இதனால்' என்பதற்குச் சான்று யாது? இவற்றுள் வைத்தியம் பாதி, மொழி பாதி. 'இதன் பின்' என்பதற்கும் 'இதனால்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிதற்குப் பல்கலைக்கழகம் செல்லவேண்டியதில்லை; ஒன்பதாம் வகுப்புப் போதும்.

அவர் சினங்கொள்ளாமல் கேள்வி ஒவ்வொன்றையும் எடுத்தெழுதி, அதன் கீழே விடையும், பிரதியிலே எங்கே திருத்தினார் என்பதும் குறித்து அனுப்பினார். இரண்டு கேள்விகளுக்கு உடன்படாமல், காரணங்காட்டி மறுத்தார். கட்டுரை வெளிவந்தது. அவைக்கு அஞ்சுதலும் தகாது, அவையை இகழ்தலும் தகாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

புதிதாக எழுதப் புகும் இளைஞர்க்குச் சில சொல்வேன். எந்தச் சஞ்சிகைக்கு அனுப்பப் போகின்றீர் என்பதை முன்னரே தீர்மானித்து, அது எழுதுவோர்க்கு விதித்துள்ள குறிப்புக்களை முதலிலிருந்து முடிவு வரை படியுங்கள். சொல்லளவு, அட்டவணை, மேற்கோள் முறை யாவும் அங்கே இருக்கும். மனிதரைப் பற்றிய ஆய்வாயின், ஒழுக்கவியற் குழுவின் அனுமதியை ஆய்வு தொடங்கும் முன்னே பெறுங்கள். முடிந்தபின் பெறுதல் ஆகாது. நோயாளரின் பெயரும் அடையாளமும் வெளிப்படாமற் காத்துக்கொள்ளுங்கள். மருந்து விற்போரிடம் பணம் பெற்றிருந்தால் மறையாது சொல்லுங்கள். ஒரே கட்டுரையை ஒரே வேளையில் இரு சஞ்சிகைகளுக்கு அனுப்பாதீர்கள். மேற்கோள் காட்டும் ஒவ்வொன்றையும் மூலத்திலே படித்த பின்னரே காட்டுங்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு, ஆராயாமலே சில நாளில் அச்சேற்றும் போலிச் சஞ்சிகைகளும் இன்று மலிந்துள்ளன. பணம் பெறும் சஞ்சிகை யாவும் போலியல்ல. நேர்மையான சிலவும் அச்சுச் செலவு பெறுவதுண்டு. ஆராயாது ஏற்பதே போலியின் அடையாளம். கேள்வி கேளாத அவையிலே அரங்கேறிய நூலுக்கு மதிப்பு ஏது?

'ஆங்கிலத்தில் எழுதும் கட்டுரைக்குத் தமிழ்ப் பயிற்சி எவ்வாறு உதவும்?' என்பர் சிலர். நம் மாணவர் உயர்தர வகுப்பு வரை உயிரியலைத் தமிழிலே கற்று, பல்கலைக்கழகத்திலே ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். விஞ்ஞானப் பிரிவினர் சாதாரணதரப் பரீட்சையோடு தமிழ்ப் பாடத்துக்கு விடைகொடுத்து விடுகின்றனர். ஆகவே, சொல்லை அளந்து சொல்லும் பழக்கம் அவர்களுக்கு உண்டாகவேண்டிய காலம் நம் கையில் இருக்கும் காலமே. அப்பழக்கம் ஒரு மொழியில் உறுதிப்பட்டால் மற்றொரு மொழிக்கும் உடன் செல்லும். ஒன்றிலும் உறுதிப்படாதவர் இரண்டிலும் தடுமாறுவர்.

அவ்வாறிருக்க, நம் வகுப்புக்களில் நடப்பது யாது? அலங்காரச் சொற்களை அடுக்கினால் கூடுதற் புள்ளி. எவரோ சொன்னதை வள்ளுவர் சொன்னதாக எழுதினாலும், 'மேற்கோள் காட்டினான்' என்று மெச்சுகின்றோம். மேடைப் பேச்சிலும் இதுவே கதை. வெற்றெனத் தொடுத்தலையும் மிகைபடக் கூறலையும் குற்றம் என்று மனனஞ் செய்வித்து, கட்டுரைத் தாளிலே அவற்றுக்கே பரிசு கொடுக்கின்றோம். கண்டதை எழுதும் பயிற்சியும், சுருக்கம் எழுதும் பயிற்சியும், எடுத்த இடத்தைச் சொல்லி மேற்கோள் காட்டும் பயிற்சியும் வாரந்தோறும் நிகழவேண்டும் என்பது ஆசிரியர்க்கு என் வேண்டுகோள்.

வைத்தியர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் வாயிலாக வைத்தியம் கற்பித்தார், 'இரணவைத்தியம்' முதலிய நூல்களைத் தமிழிலே ஆக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். அந்நியர் ஒருவர் அன்று செய்ததை முழுவதும் இன்று செய்யுங்கள் என்று கேட்கவில்லை. உலகம் படிக்க ஆங்கிலத்திலே எழுதுங்கள், எழுதவே வேண்டும். ஆனால், உங்கள் ஆய்வுக்குக் குருதி கொடுத்த கமக்காரனும், கேள்விகளுக்கு விடை சொல்லிய தாய்மாரும் அக்கட்டுரையைப் படிக்கமாட்டார்கள். ஆய்வுக்கு உட்பட்டோர் விரும்பினால் அதன் முடிவை அறிதற்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று உலக மருத்துவ சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்திலே சொல்லுகின்றது. ஆகவே, சஞ்சிகைக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையோடும் தமிழிலே ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வையுங்கள். எழுதத் துணை வேண்டுமாயின், பக்கத்துப் பாடசாலையிலே தமிழாசிரியர் ஒருவர் இருப்பார்.

அப்பக்கம் நோயாளர்க்கு மட்டும் அன்று, எழுதுவோர்க்கும் பயன்படும். தாம் கண்டது இன்னது, காணாதது இன்னது என்று கமக்காரன் ஒருவனுக்கு விளங்கச் சொல்ல முடியுமாயின், கட்டுரை அனுப்புதற்கு ஆயத்தமாயிற்று என்று கொள்ளலாம். முடியாதாயின், அது இன்னும் சில நாள் மேசையிலே கிடக்கட்டும்.