காட்டுப்பன்றியைச் சுடத் தூரமானி வாங்கலாமா?

திண்டுக்கல் சமவெளியில் நிலக்கடலை பிஞ்சு பிடிக்கும் நாள்களில் குடியானவன் நிம்மதியாகக் கண்ணயர்வது அரிது. சிறுமலை அடிவாரத்திலிருந்தும், நத்தத்தை ஒட்டிய கரந்தமலைப் பக்கமிருந்தும், அய்யலூர்க் குன்றுகளிலிருந்தும் இறங்கும் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கொல்லையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி, வாழைக்கன்று எதுவும் தப்புவதில்லை. தின்பதைவிட மிதித்தும் புரட்டியும் பாழாக்குவதே அதிகம். கடன் வாங்கி விதைத்தவன் விடிந்ததும் வரப்பில் நின்று பார்க்கும்போது அவன் வயிறு எரியத்தான் செய்யும்.

இந்த வயிற்றெரிச்சலில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. 'லேசர் ரேஞ்ச் பைண்டர்' என்று ஒரு கருவி. தூரமானி என்று சொல்லலாம். கைக்குள் அடங்கும் தொலைநோக்கி போல் இருக்கும். கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் எதிரே உள்ள பொருள் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று எண்ணாகக் காட்டும். வெளிநாடுகளில் வேட்டைக்காரர்களும் கோல்ப் ஆடுகிறவர்களும் வைத்துக்கொள்வது. இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. ஊர்ப் பணத்தில் ஒன்று வாங்கி வைத்தால் பன்றியைத் தொலைவிலேயே குறி தவறாமல் சுட்டு வீழ்த்தலாமே என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கருவியில் குறை இல்லை. ஆனால் அதை வாங்க வேண்டியவர் வேறு. நாம் அளந்து வைக்க வேண்டிய தூரமும் வேறு.

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை நாமாகச் சுடுவது குற்றம். அது நம் பட்டா நிலத்தில் நின்றாலும் குற்றமே. தூரமானி வாங்கிவிட்டதால் சுடும் உரிமை வந்துவிடாது. பயிர்க் காவலுக்கென்று துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களும் இதை மறக்கக் கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிரைக் காப்பதற்காகக் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க இடம் தருகிறது. அந்த உரிமத்தை விலங்கைக் கொல்லும் அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. மேலும் அந்தத் துப்பாக்கியை நம்பி அடிக்கக்கூடிய தூரமே நாற்பது, ஐம்பது கஜந்தான். ஐம்பது கஜத்தை அளக்க லேசர் எதற்கு? இருட்டில் பன்றி என்று நினைத்துச் சுட்டது காட்டு மாடாக இருந்துவிட்டால் கதை கந்தல். காட்டு மாடு சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. குறைந்த தண்டனையே மூன்று ஆண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை அதைப் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழிக்கும் பன்றியைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். இதற்காகக் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறையைச் சேர்ந்தவர் ஆகியோர் அடங்கிய கிராமக் குழு என்றும் சொன்னார்கள். (அதே ஜனவரி 5-ம் தேதியோடு நம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துபோனது தனிக் கதை.) கேரளத்தில் 2022-ம் ஆண்டு உள்ளாட்சித் தலைவர்களிடமே உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட வழி செய்தார்கள். நம் ஊர் ஏற்பாட்டில் சுடும் பொறுப்பு முழுவதும் வனத்துறையுடையது.

ஆகவே நம் பயிரின் தலையெழுத்து, எல்லைக் கல்லுக்கும் நம் கொல்லைக்கும் நடுவே உள்ள தூரத்தில் அடங்கியிருக்கிறது. 2,900 மீட்டரில் உழுகிறவனுக்கு ஒரு நியாயம், 3,100 மீட்டரில் உழுகிறவனுக்கு இன்னொரு நியாயம். இரண்டு பேருக்கும் ஒரே பன்றிதான் எதிரி. அதற்கு எல்லைக் கல் தெரியாது. ஏரி உள்வாயில் மண்டிய சீமைக் கருவேலம் புதரிலேயே குட்டி போட்டுத் தங்கிவிட்ட பன்றிகளும் உண்டு. அவை மலையைப் பார்த்தே இராது. அப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் இந்த ஏற்பாட்டால் உடனடிப் பயன். மலைகள் சூழ்ந்த நத்தம் வட்டாரத்திலோ எத்தனை சர்வே எண்கள் மூன்று கிலோமீட்டருக்கு வெளியே விழும் என்பது வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

அந்தத் தூரத்தை லேசர் தூரமானி அளந்து கொடுக்காது. சாதாரணமாக விற்கும் கருவிகளின் பெட்டியிலேயே அறுநூறு, ஆயிரம் என்றுதான் போட்டிருக்கும். அதுவும் பல பெட்டிகளில் கஜக் கணக்கு. ஆயிரம் கஜம் என்பது 914 மீட்டர். நடுவில் ஒரு தென்னந்தோப்பு நின்றால் அதோடு சரி. நமக்கு வேண்டியது கிராம வரைபடம். அதில் அளவுகோல் அச்சிட்டிருக்கும். காப்புக்காட்டு எல்லைக்கு அருகில் உள்ள கல்லைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து நம் சர்வே எண் வரை அடிக்கோலை வைத்தால் ஏறக்குறைய விடை வந்துவிடும். கைப்பேசி வரைபடத்திலும் இரண்டு இடங்களைத் தொட்டு நேர்கோட்டுத் தூரம் பார்க்கலாம். இது நம் தெளிவுக்கு மட்டும். அதிகாரபூர்வமான அளவு வனத்துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து செய்ய வேண்டியது. சேதம் நடந்த பிறகு அளக்க வருவதில் பயனில்லை. ஊர் ஊராக, சர்வே எண் வாரியாக, எந்த நிலம் எந்த வரம்பில் வருகிறது என்று முன்கூட்டியே பட்டியல் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். தூரம் நேர்கோட்டிலா, பாதை வழியிலா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. வாய்ச்சொல் வாய்க்கால் தண்ணீர் மாதிரி, ஆளுக்கு ஒரு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

இனி, தூரமானி யாருக்கு உதவும் என்றால் சுட வரும் வனத்துறையினருக்குத்தான். அவர்கள் எதை வாங்கினால் நம் கொல்லையில் பயன்படும் என்று நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம்தானே.

இந்தக் கருவி வெளிச்சத் துடிப்பு ஒன்றை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. 150 மீட்டர் போய்த் திரும்ப அதற்கு ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போதும். வெள்ளைச் சுவர் அந்த வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். சேறு பூசிய பன்றி அப்படி அனுப்பாது. பெட்டியில் ஆயிரம் என்று போட்டிருப்பது பளபளப்பான பலகைக்குக் கிடைக்கும் எண். விலங்கின் மேல் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. எனவே கருவியைக் கடை வாசலில் சோதிப்பதில் அர்த்தமில்லை. பொழுது சாயும் நேரத்தில், மேய்ச்சல் முடிந்து வரும் எருமையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது, கோல்ப் ஆட்டத்துக்கென்று செய்த கருவி முன்னால் இருக்கும் பொருளையே பிடிக்கும். அவர்களுக்குக் கொடிக்கம்பம் முக்கியம். நம் கொல்லையில் அப்படிப்பட்ட கருவி, நடுவே நிற்கும் சோளத் தட்டையின் தூரத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். பின்னால் உள்ள பொருளைப் பிடிக்கும் வகைதான் வேண்டும். எண்கள் கறுப்பில் தெரியும் திரை இரவில் உதவாது. சிவப்பில் ஒளிரும் திரை வேண்டும். பனியிலும் தூறலிலும் எல்லாமே தடுமாறும். சில கருவிகளுக்குத் தேவையான சிறிய லித்தியம் மின்கலம் வடமதுரைக் கடைவீதியில் கேட்டவுடன் கிடைக்குமா என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எவ்வளவு நல்ல கருவி கையில் இருந்தாலும், முன்னூறு நானூறு மீட்டரில் சுடும் வித்தை நம் சமவெளிக்கு ஆகாது. ரைபிள் குண்டு தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைக் குடிக்கும். இங்கே நாலு ஏக்கருக்கு ஒரு தோட்டத்து வீடு. கிணற்றடியில் கயிற்றுக் கட்டிலில் ஒருவர் படுத்திருப்பார். பட்டியில் ஆடு அடைத்திருக்கும். மடை திருப்ப ஒருவர் மண்வெட்டியோடு நடந்துகொண்டிருப்பார். கடவூர் மலைப் பக்கத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு 2022-ல் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரவில் மரத்தில் உலாவும் அந்தச் சின்ன உயிர், டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்களாக மட்டுமே தெரியும்.

சுடுவதானால் பரண் மேலிருந்து, நூறு மீட்டருக்குள், குண்டு மண்ணில் புதையும்படி கீழ்நோக்கிச் சுட வேண்டும். அதற்குத் தூரமானி கூட அவசியமில்லை. பழைய நில அளவைச் சங்கிலி 66 அடி. ஐந்து சங்கிலி நீட்டினால் நூறு மீட்டர் ஆயிற்று. பகலிலேயே அளந்து, 25, 50, 75, 100 மீட்டரில் சுண்ணாம்பு அடித்த கல்லை நட்டு வைத்தால் இரவில் எந்தக் கல்லருகே பன்றி நிற்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். பரணும் கல்லும் அமைத்துத் தருவது வேண்டுமானால் நம் பங்காக இருக்கட்டும். அன்றிரவு அந்தப் பக்கம் யாரும் நடமாட வேண்டாம் என்று தண்டோரா போடுவதும் நம் பங்குதான்.

தூரமானிக்கென்று ஒதுக்கிய பணம் கையில் இருந்தால் சூரிய மின்வேலிக்குப் போடலாம். 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மோட்டார் மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் சிறைக்குப் போகும் வழி. அவற்றில் பன்றியைவிட மனிதனும் மாடும் முந்திக்கொள்கிறார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. பன்றித் தொல்லை என்று பொதுவாக மனுக் கொடுத்தால் பரிசீலிக்கிறோம் என்ற பதில் வரும். ஊர்ப் பெயர், சர்வே எண், பயிர், சேதமான பரப்பு, சேதம் நடந்த தேதி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து உத்தேச தூரம் ஆகிய ஆறையும் ஒரே தாளில் எழுதி, புகைப்படம் இணைத்து, பத்துப் பேர் கையெழுத்தோடு கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நகலோடு போய், வரம்புப் பட்டியல் எங்கே, குழுவில் யார் யார், சுடப் பயிற்சி பெற்றவர்கள் நம் வனச்சரகத்தில் எத்தனை பேர் என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.