பெரியப்பா கொடுத்த நூறு ரூபாய்

தேர்தல் வந்துவிட்டால் வன்னியில் எல்லோரும் கமக்காரரின் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். வயலில் கால் வையாதவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் நிற்பார். "உங்கள் கடன் முழுவதையும் தள்ளுபடி செய்விப்பேன்" என்பார். இரணைமடுவின் கீழுள்ள ஒரு கிராமத்தில் அப்படியொரு பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இந்தியாவின் தேவிலால் என் நினைவுக்கு வந்தார்.

தேவிலால் வேடம் போட்டவரல்லர். இன்றைய ஹரியானாவின் சிர்சாப் பகுதியில், நிலபுலமுள்ள விவசாயக் குடும்பத்தில் 1914இல் பிறந்தவர். படிப்பை இடையில் விட்டு, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். தாம் நிலமுடையவராயிருந்தும் குத்தகைக்குச் செய்தவர்களின் பக்கம் நின்றார். 1952இல் பஞ்சாப் சட்டசபைக்குத் தெரிவானார். மக்கள் அவரைப் பெரியப்பா என்றே தம் மொழியில் அழைத்தார்கள். 1987இல் ஹரியானாவின் 90 ஆசனங்களில் ஆளுங்கட்சியாயிருந்த காங்கிரசுக்கு 5 மட்டுமே மிஞ்சின. தேவிலால் இரண்டாம் முறை முதலமைச்சரானார்.

1989இல் அவர் துணைப் பிரதமரானார். அடுத்த ஆண்டு மத்திய அரசு, வங்கிகளிலும் கூட்டுறவுகளிலும் விவசாயிகள் பெற்று நிலுவையாயிருந்த கடன்களில் 10,000 ரூபாய் வரை தள்ளுபடி செய்தது. நாடே அவரை வாழ்த்தியது. ஆனால் வட்டிக்காரனிடம் கடன்பட்டவனுக்கு அதில் ஒன்றுமில்லை. வயிற்றைக் கட்டி ஒழுங்காகத் தவணை கட்டியவனுக்கும் ஒன்றுமில்லை. 'அடுத்த தேர்தல் வரட்டும்' என்று பலர் காத்திருக்க, கூட்டுறவுகள் தளர்ந்தன.

நமக்கும் இது புதிதல்ல. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த நுண்கடன்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டவற்றைத் தள்ளுபடி செய்ய நம் அரசும் முன்வந்தது. வன்னி மாவட்டங்களும் அதில் அடங்கின. அதன் பின்னரும் கிழமைக் கடனுக்கு ஆள் வரும் நாளில் படலையைச் சாத்திக்கொள்ளும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். விளைச்சலுக்கு நல்ல விலையில்லாதவரை கடன் திரும்ப முளைக்கும்.

அதிகம் பேசப்படாத இன்னொன்றையும் தேவிலால் செய்தார். 1987இல் 65 வயதைக் கடந்த முதியோருக்கு மாதம் நூறு ரூபாய் உதவிப்பணம் கொடுத்தார். சிறு தொகைதான், ஆயினும் மகனிடம் கையேந்தாமல் கிழவி வெற்றிலை வாங்கினாள். பின்னர் எந்தக் கட்சி வந்தும் அதை நிறுத்தத் துணியவில்லை, கூட்டியே கொடுத்தார்கள். என் கணக்கில் அவருடைய பெரிய வேலை அதுதான். டெல்லிக்குப் போகையில் முதலமைச்சர் கதிரையை மகனுக்குக் கொடுத்ததையும், 1990இல் மேஹம் இடைத்தேர்தலில் இரத்தம் சிந்தியதையும் மறைப்பதற்கில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் துணைப் பிரதமர் பதவி போயிற்று.

அதே 1987இல் இலங்கையிலும் கமக்காரர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. ஆனால் இது சந்தா கட்டிச் சேரவேண்டிய திட்டம். அன்றைய கூட்டத்தில் ஒரு முதியவர் எழுந்து கேட்டார்: "தம்பி, கடனை விடும். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்திலை நான் சந்தா கட்டேல்லை. எனக்கு அந்தப் பென்சன் உண்டோ, இல்லையோ?"

வேட்பாளர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் கொப்பியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.