சூதில் வெல்பவர் யார்? நிகழ்நிலைச் சூதாட்டக் கட்டுப்பாடு பற்றிய விவாதம்

சூது தமிழ்ச் சமூகத்துக்குப் புதியதன்று. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் ஒன்றையே வகுத்தார். அதனைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையிலே வைத்தார். 2022 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடும், சூதாட்டக் கோளாற்றை மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் கோளாறுகளோடு ஒரே பகுதியிற் சேர்த்துள்ளது. சூதின் தீமை பற்றி அறநூலாருக்கும் மருத்துவ அறிஞருக்கும் இடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை என்பது இதனாற் பெறப்படும். வேறுபாடு எழுவது, அத்தீமைக்கு எதிராக அரசு என்ன செய்யலாம் என்ற வினாவிலேயே.

இவ்வினாவை ஆராயப் புகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும். நளன் கதையிலே நளனை வென்று நாட்டைக் கவர்ந்த புட்கரன், ஈற்றில் அதே சூதில் நளனிடம் தோற்றுப்போகின்றான். அங்கு எதிரே அமர்ந்து ஆடியவனுக்கும் தோல்வி உண்டு. இன்று கைத்தொலைபேசி வழியே நடைபெறும் சூதின் உடைமையாளன் ஆடுவதே இல்லை. அவன் பலகையை விரித்து வைக்கின்றான்; ஆடுவோர் இருவரையும் அழைத்து வருகின்றான்; ஒவ்வோர் ஆட்டத்திலும் தனக்குரிய பங்கை எடுத்துக்கொள்கின்றான். ஆடுவோருள் எவர் வென்றாலும் எவர் தோற்றாலும் அவனுக்கு நட்டம் இல்லை. கட்டுப்பாட்டை எதிர்ப்போரின் வாதங்கள் யாவும் இந்த மூன்றாம் மனிதனைக் கண்ணிலிருந்து மறைப்பதிலேயே தங்கியுள்ளன.

முதலாவது வாதம் திறன் பற்றியது. ரம்மி போன்ற சீட்டாட்டங்கள் அதிர்ஷ்டத்தில் அன்றி ஆடுவோரின் நினைவாற்றலிலும் கணிப்பிலும் தங்கியவை. ஆதலின் அவை சூதாகா என்பர். தமிழ்நாட்டிலே இவ்வாதம் பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நிகழ்ந்து வந்துள்ளது. 2020 ஆம் ஆண்டில் அவசரச் சட்டமாகவும் 2021 இல் முறையான சட்டமாகவும் கொண்டுவரப்பட்ட தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஓகஸ்ற் மாதத்தில் செல்லாது எனத் தீர்த்தது. பின்னர் ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022 இல் புதிய சட்டமூலம் ஒன்று நிறைவேறியது. அதனை 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பியனுப்பினார். சட்டப்பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டதாயினும், ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள் எனக் கூறி அவ்விரண்டையும் தடையிலிருந்து விலக்கியது.

கம்பனிகள் பெரிதும் எடுத்துக்காட்டுவது இந்திய உச்ச நீதிமன்றம் 1967 இல் வழங்கிய சத்தியநாராயணா வழக்கின் தீர்ப்பையே. ரம்மி பெருமளவிற்குத் திறன் சார்ந்தது என்று அத்தீர்ப்பு கூறியது உண்மை. ஆனால் அதே தீர்ப்பு, ஆட்டம் நடக்கும் இல்லத்தின் அல்லது கழகத்தின் உடைமையாளர் பணயம் வைத்து ஆடும் அவ்வாட்டத்திலிருந்து இலாபம் ஈட்டுவாராயின் குற்றம் நிலைநாட்டப்படலாம் என்றும் சேர்த்துக் கூறியுள்ளது. முற்பாதியை விளம்பரமாக்கியோர் பிற்பாதியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அப்பிற்பாதியின் பொருளை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். சமதிறனுடைய இருவர் ஆளுக்கு 1,000 ரூபாவுடன் ஆட அமர்கின்றனர் எனக் கொள்க. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒவ்வொருவரும் 100 ரூபா வைக்கின்றனர். சேர்ந்த 200 ரூபாவிற் பத்திலொரு பங்காகிய 20 ரூபாவைக் கம்பனி எடுத்துக்கொண்டு, எஞ்சிய 180 ரூபாவை வென்றவருக்கு அளிக்கின்றது. இருவரும் மாறி மாறி வெல்கின்றனர். 90 ஆட்டங்கள் முடிகையில் இருவர் கையிலும் எஞ்சுவது ஆளுக்கு 100 ரூபா. கம்பனியின் கையில் 1,800 ரூபா. ஓர் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் எனின் இதற்குச் செல்லும் காலம் ஏழரை மணித்தியாலம். ஒருவர் மற்றவரிலும் திறமைசாலியாயின் மற்றவர் இன்னும் விரைவில் வெறுங்கையராவார். அவருடைய இடத்துக்குக் கம்பனி வேறொருவரை அழைத்துவரும். ஆடுவோருள் எவர் முதலில் அழிவார் என்பதை மட்டுமே திறன் தீர்மானிக்கின்றது. கம்பனியின் பங்கைத் திறன் தொடுவதே இல்லை. இந்நிலையில் ஆட்டம் திறன் சார்ந்ததா, அதிர்ஷ்டம் சார்ந்ததா என்று ஆராய்ந்துகொண்டிருப்பது, திருட்டுப்போன வீட்டிலே கதவின் மரம் பலாவா தேக்கா என்று வாதிடுவதை ஒக்கும்.

இரண்டாவது வாதம் தனிமனித சுதந்திரம் பற்றியது. வயது வந்த பிரசை ஒருவர் தம் பணத்தைத் தாம் விரும்பியவாறு செலவிடுவதை அரசு தடுத்தல் ஆகாது என்பர். சுதந்திரம் பேசுவோர் ஜோன் ஸ்ருவாட் மில்லின் பெயரைத் துணைக்கழைப்பது வழக்கம். ஆயின் 1859 இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தமது நூலில், சூதாடுவோனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற மில், சூதாட்ட இல்லம் நடத்துவோனுக்கும் அதே சுதந்திரம் உண்டா என்ற வினாவை எளிதில் விடை காண இயலாத எல்லைப் பிரச்சினையாகவே கருதினார். நடத்துவோனின் நலன் பொதுநலனுக்கு எதிரானதாக அமையலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவரது பெயரைக் கூறுவோர் அவர் செய்த இவ்வேறுபாட்டைக் கூறாது விடுகின்றனர்.

மேலும், சுதந்திரம் என்பது நிறுத்தும் ஆற்றலையும் உள்ளடக்கியது. எப்பொழுது கிடைக்கும் என அறியவியலாத வெகுமதியே ஒரு செயலை விடாப்பிடியாகத் தொடரச் செய்யும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னரின் பரிசோதனைகள் காட்டின. லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட இயந்திரங்களை ஆராய்ந்து 2012 இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் நற்றாஷா ஷூல், நெடுநேரம் ஆடுவோர் வெற்றிக்காக அன்றி, ஆட்டத்துள் மூழ்கி உலகை மறந்திருக்கும் அந்நிலைக்காகவே ஆடுகின்றனர் என்றும், இயந்திரங்கள் அந்நிலையை நீடிக்கச் செய்யும் வகையில் அமைக்கப்படுகின்றன என்றும் எடுத்துக்காட்டினார். ஊர் மரநிழலிலே சீட்டாடுவோனுக்குப் பொழுது சாயும். கையிலுள்ள காசு தீரும். மனைவியோ மூத்தவர் ஒருவரோ வந்து ஏசுவர். கைத்தொலைபேசிச் சூதுக்கு இரவும் இல்லை, கண்டு ஏசுவோரும் இல்லை. காசு தீர்ந்தால் கடன் அதே திரையிற் கிடைக்கும். நிறுத்துவதற்குரிய தடைகள் ஒவ்வொன்றையும் திட்டமிட்டு அகற்றியபின், ஆடுவோன் தன் விருப்பப்படி ஆடுகின்றான் என்று கூறுவது நேர்மையன்று.

மில்லின் தாயகமே இதற்குச் சான்று. 2005 ஆம் ஆண்டின் சட்டத்தாற் சூதாட்டத்துக்குப் பெரிதும் இடமளித்த பிரித்தானியா, பின்னர் படிப்படியாகப் பின்வாங்க நேர்ந்தது. பந்தயக் கடைகளிலுள்ள இயந்திரங்களில் ஒருமுறை வைக்கக்கூடிய பணயம் 2019 இல் 100 பவுணிலிருந்து 2 பவுணாகக் குறைக்கப்பட்டது. 2020 இற் கடனட்டை மூலம் சூதாடுதல் தடுக்கப்பட்டது. 2025 இல் நிகழ்நிலை இயந்திரச் சூதுக்கு 5 பவுண் எல்லையும், 18 முதல் 24 வயது வரையிலானோர்க்கு 2 பவுண் எல்லையும் விதிக்கப்பட்டன. பல்கலைக்கழக மாணவரின் வயது எதுவோ அவ்வயதே தனிப் பாதுகாப்புக்குரியதாகக் கொள்ளப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

மூன்றாவது வாதம், தடை சூதை ஒழிக்காது, மறைவிடத்துக்கே துரத்தும் என்பது. இதில் உண்மை உண்டு. ஓர் இணையத்தளத்தை மூடினால் வேறு பெயரில் வேறு நாட்டிலிருந்து மற்றொன்று திறக்கப்படும். ஆயினும் இதிலிருந்து பெறப்படும் முடிவு, கட்டுப்பாடு வேண்டாம் என்பதன்று. கட்டுப்பாடு உரிய இடத்தில் விதிக்கப்படல் வேண்டும் என்பதே. தளம் கடல் கடந்து இருக்கலாம். பணம் புறப்படுவது உள்ளூர் வங்கிக் கணக்கிலிருந்தே. விளம்பரத்தில் தோன்றும் நடிகரும் கிரிக்கெட் வீரரும் உள்ளூரவரே. 2025 ஓகஸ்றில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இவ்வுண்மையை உணர்ந்துள்ளது. பணம் வைத்து ஆடும் நிகழ்நிலை ஆட்டங்களை நடத்துவோர்க்கும் அவற்றுக்குரிய பணக் கொடுக்கல் வாங்கலுக்குத் துணைபோவோர்க்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபா வரை தண்டமும், விளம்பரம் செய்வோர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 இலட்சம் ரூபா வரை தண்டமும் அதில் விதிக்கப்பட்டன. திறன், அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டை அது கருத்திற் கொள்ளவில்லை. ஆடுவோனுக்கு அதில் தண்டனை இல்லை. தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டுச் சட்டமோ ஆடுவோனுக்கும் மூன்று மாதம் வரை சிறை விதித்தது. கடனில் மூழ்கியவனைச் சிறைக்கு அஞ்சி ஒளியச் செய்யும் சட்டம், அவனைக் கடன் கொடுத்தவனின் கையிலேயே மீண்டும் ஒப்படைக்கின்றது. இவ்வகையிற் பிந்திய சட்டமே சிறந்தது. அது நிறைவேறியவுடன் அதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தோர் ஆடுவோர் அல்லர், கம்பனிகளே என்பதும் அதன் கூர்மை எங்கே பட்டது என்பதைக் காட்டும்.

எஞ்சுவது வருமானம் பற்றிய வாதம். கட்டுப்படுத்தி வரி அறவிட்டால் திறைசேரி நிறையும் என்பர். இலங்கையின் வரலாறு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1889 ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம், பொதுவிடத்திற் பணயம் வைத்து ஆடுவோரையும் கோழிச்சண்டை நடத்துவோரையும் குற்றவாளிகளாக்கியது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1988 ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் பெருஞ்சூதின் உடைமையாளரிடம் அரசுக்குரிய பங்கைக் கேட்டது. வேலியோரத்திற் சீட்டாடிய ஏழைக்குப் பொலிசாரும், குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் ஆட்டம் நடத்திய செல்வனுக்கு வரிச்சீட்டும் என்பதே ஈற்றில் நிலவிய நீதி. 2025 இல் நிறைவேறிய சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிகழ்நிலைச் சூதையும் தன் எல்லைக்குட் கொண்டுவந்தமை ஒரு முன்னேற்றமே. எனினும், சமூகத் தீங்கைக் குறைத்தலும் வருமானத்தைப் பெருக்குதலும் ஒரே கொள்கையின் இரு நோக்கங்களாகப் பேசப்படும்போது ஐயம் எழுகின்றது. தீங்கு குறைந்தால் வருமானம் குறையும். இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டிய நாள் வரும்போது, பற்றாக்குறை நிறைந்த வரவு செலவுத் திட்டம் எதனைத் தெரியும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

பங்கு பெறுவோர் பங்கை விட்டுக்கொடுப்பது எளிதன்று என்பதற்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே சான்று தேடவேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் நிதியத்தின் வருவாய் மூலங்களுள் இலொத்தர்ச் சீட்டும் ஒன்று. பஸ் நிலையத்திலே அச்சீட்டை வாங்கும் நாட்கூலித் தொழிலாளியின் காசும் மாணவரின் புத்தகத்துள்ளும் உணவுள்ளும் கலந்திருக்கின்றது. அப்பணத்தைப் பெறும் மாணவர் குற்றவாளியல்லர். இலவசக் கல்வி அவர்தம் உரிமை. ஆனால் உரிமையாகக் கொடுக்கப்பட வேண்டியதை ஏழையின் நப்பாசையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் அரசு, நாளை நிகழ்நிலைச் சூதின் வருமானத்தையும் மருத்துவமனைக்கென்றும் பாடசாலைக்கென்றும் பெயரிட்டுப் பெற்றுக்கொள்ளும். அதன்பின் சூதை எதிர்ப்போர் கல்வியின் எதிரிகளாகச் சித்திரிக்கப்படுவர்.

ஆகவே கட்டுப்பாடு வேண்டுமா என்ற வினாவோடு, எவர் மீது கட்டுப்பாடு என்ற வினாவும் கேட்கப்படல் வேண்டும். தண்டனை ஆடுவோனை விடுத்து ஆட்டுவிப்போனைச் சேரல் வேண்டும். வங்கியும் கொடுப்பனவு நிறுவனமும் பொறுப்பாளிகளாக்கப்படல் வேண்டும். விளம்பரம் முற்றாக நிறுத்தப்படல் வேண்டும். அனுமதி பெற்ற ஆட்டங்களுக்கும் பணய எல்லையும், தமிழ்நாட்டில் 2025 இல் விதிக்கப்பட்டு உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதைப் போன்று நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையான ஓய்வும் விதிக்கப்படல் வேண்டும். ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் வெற்றி, அது திரட்டிய தொகையால் அன்றி, சூதிலிருந்து மீண்டோரின் தொகையால் அளக்கப்படல் வேண்டும். அறவிடப்படும் பணம் அவர்களின் சிகிச்சைக்கே முதலிற் செல்லல் வேண்டும். இவற்றை ஏற்க மறுக்கும் சட்டம் எத்துணை அழகிய முகவுரையைக் கொண்டிருப்பினும், அதனை இயற்றிய அரசு சூதுக்குக் காவலனாக அன்றிப் பங்காளியாகவே கருதப்படும்.