தத்துவம் சோறு போடுமா?

நாலு வீடு தள்ளியிருக்கும் தம்பி பட்டப்படிப்பை முடித்துவிட்டான். மேற்படிப்புக்குத் தத்துவம் என்கிறான். தாசேக் கெலுகோரில் இப்படி ஒரு ஆசையைக் கேட்டதும் அவன் அம்மா என்னிடம் ஓடி வந்தார். "வானொலியில ஊருக்கே புத்தி சொல்றியே, இவனுக்கும் சொல்லும்மா. அது சோறு போடுமா?"

டாக்டர் இராதாகிருஷ்ணன் கதையைச் சொன்னேன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் எடுத்ததே, உறவுக்கார அண்ணன் படித்து முடித்த புத்தகங்கள் சும்மா கிடைத்ததால்தான். 1908-இல் வேதாந்த அறநெறி பற்றி முதுகலை ஆய்வேடு எழுதியபோது அவருக்கு வயது 20.

"அது அந்தக் காலம்" என்றார். நியாயம்தான்.

இந்தக் காலக் கணக்கு வேறு. அமெரிக்காவில் முதுகலைக்குப் பெரும்பாலும் கைக்காசு போகும். முனைவர் படிப்பில் சேர்ந்தால் பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளி, மாத உதவித்தொகையும் தருகின்றன. பதிலுக்கு இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். ஆனால் ஒரு துறை ஆண்டுக்கு எடுப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய பேரைத்தான்.

மதிப்பெண், மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் எல்லாம் வேண்டும். ஆனாலும் தேர்வுக் குழு உட்கார்ந்து படிப்பது மாதிரிக் கட்டுரையைத்தான். ஒரே ஒரு வாதம், 15, 20 பக்கம். தம்பி காட்டியதில் பிளேட்டோ முதல் திருவள்ளுவர்வரை எல்லாரும் இருந்தார்கள், அவனைத் தவிர. "நீ என்னடா சொல்ற?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. மறுவாரம் 12 பக்கத்தை வெட்டிவிட்டு வந்தான்.

அம்மா கடைசியாகக் கேட்டார்: "விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாவா?"

"ஆமா ஆன்ட்டி, டாலர்ல."

விரல் மடக்கினார். "டிசம்பர்ல எனக்குச் சீட்டு விழும். ஆறு இடத்துக்குப் போடச் சொல்லு."