வண்டு கத்தாத கம்ப்யூட்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

போன மாதம் என் கம்ப்யூட்டருக்கு ஹார்டு டிஸ்க் மாற்றினேன். எதை வாங்குவது என்று இரண்டு வாரம் யோசித்ததைப் பார்த்து அக்கா மகன் சிரித்தான். "சித்தி, நீங்க என்ன ராக்கெட்டா விடப் போறீங்க? கடைக்காரர் குடுக்கிறதை வாங்கிப் போடுங்க" என்றான். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இது. அவன் இங்கேயும் வந்து படிப்பான் என்று தெரியும்.

பேத்திக்குத் தினமும் ஒரு கதை படித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மகள் குடும்பம் அமெரிக்காவில். அங்கே குழந்தை படுக்கப் போகும் நேரம் நமக்கு விடியற்காலை. நாலரை மணிக்கு எழுந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, மெல்லிய குரலில் படிப்பேன். வீட்டுக்காரர் அதே அறையில்தான் படுத்திருப்பார். அவருக்கு இரண்டு வருஷமாகத் தூக்கம் சரியில்லை. ஒருநாள் பேத்தி போனில் கேட்டாள்: "அம்மாச்சி, கதைக்குப் பின்னாடி ஏன் ஒரு வண்டு கத்திக்கிட்டே இருக்கு?"

ஹெட்போன் போட்டுக் கேட்டேன். கத்திக்கொண்டுதான் இருந்தது. இத்தனை நாள் என் காதுக்கு அது பழகிப்போயிருக்கிறது.

சிபியூ மூடியைத் திறந்து டிஸ்க் மேல் விரலை வைத்தால் அதிர்வு நன்றாகத் தெரிந்தது. உள்ளே வட்டத்தட்டுகள் நிமிஷத்துக்கு 7200 முறை சுற்றுகின்றன. அறுபதால் வகுத்துப் பாருங்கள். (இதற்கும் கால்குலேட்டர் தேடுகிறவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்கவும்.) விநாடிக்கு 120 சுற்று. அந்த வேகம்தான் அடித்தொண்டையில் ம்ம்ம் என்று இழுக்கிற மாதிரி கேட்கிறது. 5400 சுற்று டிஸ்க் என்றால் விநாடிக்கு 90. வேகம் குறைந்தால் பொதுவாகச் சத்தமும் சூடும் குறையும். இது போக, ஃபைலைத் தேடும்போது உள்ளே இருக்கும் கை அங்குமிங்கும் ஓடுகிற கடகட சத்தம் வேறு.

கடைக்குப் போனால் இந்தப் பேச்சே கிடையாது. எத்தனை டிபி, எவ்வளவு வேகம், அவ்வளவுதான். ஒரு கடையில் சிசிடிவி கேமராவுக்குப் போடுகிற டிஸ்க்கை எடுத்து நீட்டினார்கள். இரவு பகலாகப் படத்தை எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று செய்த டிஸ்க் எனக்கு எதற்கு? இன்னொரு கடையில் புதுசு என்று கொடுத்ததை, பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் காட்டினேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினார். ஏற்கெனவே 26,000 மணி நேரம் ஓடிய டிஸ்க். அதாவது கிட்டத்தட்ட மூன்று வருஷம் நிற்காமல் எங்கோ ஓடிவிட்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறது! திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார்.

"கரண்ட் மிச்சமாகும்" என்று சொல்லி விற்பதையும் நான் அவ்வளவாக நம்பவில்லை. பெரிய டிஸ்க் ஓடும்போது ஆறு வாட் எடுக்கிறது என்று வையுங்கள். தினம் ஆறு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 60 நாள். கூட்டிப் பெருக்கினால் இரண்டு யூனிட் சொச்சம். எஸ்எஸ்டி போட்டால் அதில் பெரும்பகுதி மிச்சம். ஆனால் அதே நேரம் ஓடுகிற 75 வாட் பழைய சீலிங் ஃபேன் 27 யூனிட் சாப்பிடுகிறது. கரண்ட் பில் குறைய வேண்டுமானால் முதலில் ஃபேனை மாற்றுங்கள், வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை அணையுங்கள். வாட் குறைவதால் எனக்குக் கிடைத்த லாபம் வேறு. சூடு குறைந்தது, உள்ளே இருக்கும் குட்டி ஃபேனும் மெதுவாகச் சுற்றுகிறது.

கடைசியில் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். சுற்றுகிற பாகமே அதில் கிடையாது, அதனால் சத்தமும் இல்லை. கல்யாண வீடியோ, பாட்டு, படம் என்று டிபி கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அவர்கள் 5400 சுற்று டிஸ்க் கேட்டு வாங்கலாம். ஸ்க்ரூவை இறுக்கி, நடுவில் ரப்பர் வாஷர் வைக்கச் சொல்லுங்கள். சிபியூவை மர மேஜை மேல் வைக்காமல் தரையில் ஒரு மிதியடி மேல் வையுங்கள். தம்புராவுக்குக் குடம் எப்படியோ அப்படித்தான் டிஸ்க்குக்கு மேஜை, சின்ன அதிர்வைப் பெரிதாக்கிவிடும்.

எஸ்எஸ்டியில் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பயம். முன்பு இருந்த டிஸ்க் ஒன்று சாவதற்கு ஒரு வாரம் முன்பே டக், டக் என்று சொல்லிப் பார்த்தது. நான்தான் காதில் வாங்கவில்லை. 12 வருஷத்து ஆண்டுவிழாப் படங்கள் அதோடு போயின. உங்களில் பலர் மாறுவேடம் போட்டு நின்ற படங்கள். எஸ்எஸ்டிக்கு அப்படிச் சொல்ல வாய் இல்லை. நேற்று வரை ஓடியது இன்று கண் திறக்காமல் போகலாம். வகுப்பில் சத்தம் போடுகிற பையனைவிட, திடீரென்று சத்தம் அடங்கிப்போன கடைசி பெஞ்சுதான் எனக்கு எப்போதும் கவலை. அதனால் கைக்கடக்கமான வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் செருகி, எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன். பீரோவில் வைப்பதற்கு எஸ்எஸ்டி வேண்டாம். வருஷக்கணக்கில் கரண்ட் காட்டாமல் கிடந்தால் அதில் இருப்பது அழிந்துபோக வாய்ப்புண்டு.

புது டிஸ்க் போட்ட பிறகு அனுப்பிய முதல் கதையைக் கேட்டுவிட்டு, "வண்டு எங்க போச்சு அம்மாச்சி?" என்று பேத்தி கேட்டாள். கொஞ்சம் வருத்தம்தான் அவளுக்கு. வீட்டுக்காரர் ஆறு மணி வரை தூங்குகிறார்.

ஒரு உதவி. 1994 முதல் 2005 வரை என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள், வீட்டில் ஆண்டுவிழாப் படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடுகிறது, டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். யார் யார் எங்கே நிற்கிறீர்கள் என்று பெயரும் எழுதிவிடுங்கள். மீசை வைத்த பிறகு சிலரை எனக்கு அடையாளம் தெரிவதில்லை.